ஒத்தி: கடைவீதிக்கு அருகே ஒரு வீடு

தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம் ஆகிய ஊர்களில் கடைவீதியை ஒட்டி வீடு தேடுபவருக்கு மூன்று வழிகள் உண்டு: வாடகை, ஒத்தி, கிரயம். வீட்டுக்காரரிடம் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பேசிய காலம்வரை வாடகையில்லாமல் குடியிருப்பது ஒத்தி. காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பும், வட்டி கிடையாது. கிரயத்துக்குக் கை எட்டாத, மாத வாடகையில் பணம் கரைவதை விரும்பாத குடும்பங்கள் ஊரின் நடுவே குடியிருக்க இந்த வழக்கம் நெடுங்காலமாக இடம் தந்திருக்கிறது. வட மாவட்டங்களில் இதையே போக்கியம் என்பார்கள். சென்னையில் லீஸ் என்ற சொல் பரவிவிட்டது. மதுரைக்குத் தெற்கிலும் மேற்கிலும் ஒத்திதான்.

சொல் பழையது. எழுத்துவழக்கில் அது ஒற்றி. பேச்சில் ஒத்தி ஆயிற்று. நிலக்கொடையைப் பதியும் கல்வெட்டுகளில் விற்பதும் ஒற்றி வைப்பதும் உடையவனின் உரிமைகளாகச் சேர்த்தே சொல்லப்படுகின்றன. திருவொற்றியூர் என்ற ஊர்ப்பெயரை வைத்து, ஊரையே அடமானம் வைத்தவர் என்று இறைவனைக் கேலி பேசும் சிலேடை பக்தி இலக்கியத்தில் உண்டு. கேட்பவருக்கு ஒற்றி இன்னதென்று தெரிந்திருந்தால்தான் அந்தச் சிலேடை எடுபடும்.

அந்தப் பழைய ஒத்தி நிலத்துக்கானது. பணம் தேவைப்பட்ட நிலக்காரர் வயலைக் கடன் கொடுத்தவரின் கையில் ஒப்படைப்பார். கொடுத்தவர் உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார். வட்டிக்கு அதுவே ஈடு. அசலைத் திருப்பிய அன்று வயல் திரும்பும். குத்தகையிலும் வாரத்திலும் நிலம் மட்டுமே கைமாறும்; ஒத்தியில் ஒரு பக்கம் நிலமும் மறுபக்கம் கடனும் மாறுகின்றன.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் நிலத்தின் மதிப்பு தண்ணீரைப் பொறுத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்தத் தண்ணீர் 1895-இல் வந்தது. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்ட நீர், லோயர்கேம்ப் தொடங்கித் தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைய வழிசெய்தது. ஆண்டுக்கு இருமுறை அறுக்கும் வயலை நம்பிப் பணம் கொடுப்பவர் தயங்க வேண்டியதில்லை.

ஒத்திக்குச் சட்ட வடிவம் அதற்குச் சற்று முன்பே கிடைத்துவிட்டது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், அடமான வகைகளைப் பட்டியலிடும் 58-ஆம் பிரிவில், சொத்தை ஒப்படைத்து அதன் பலனை வட்டிக்கு ஈடாக அனுபவிக்க விடும் அடமானத்தைத் தனி வகையாக வைத்தது. 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானக் கடன் பதிவு செய்த பத்திரத்தில், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்றது 59-ஆம் பிரிவு. மூலப்பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. 1882-இல் 100 ரூபாய் பெரும் பணம். அந்த வரம்பு இன்றுவரை மாறவில்லை.

நிலத்தை மீட்க முடியாமல் தலைமுறைகள் கடந்த ஒத்திகளும் இருந்தன. 1938-இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1948-இல் அதில் சேர்க்கப்பட்ட பிரிவு, 30 ஆண்டுகள் அனுபவத்தில் இருந்த விவசாயியின் ஒத்திக் கடனைத் தீர்ந்ததாகவே கொள்ளச் சொன்னது. ஒத்தி வைத்தவரின் மீட்கும் உரிமை, ஒத்தி எழுதிய நாளிலிருந்து 30 ஆண்டு கழிந்ததாலேயே அற்றுப்போகாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இந்தப் பாதுகாப்புகள் கடன் வாங்கிய நிலக்காரரைக் காக்கவே ஏற்பட்டவை. வீட்டு ஒத்தியில் நிலைமை தலைகீழ்: அங்கே பணம் கொடுத்துக் குடியேறுபவரே எளியவர்.

ஒத்தி வயலிலிருந்து வீட்டுக்கு வந்தது சந்தை ஊர்களின் வளர்ச்சியோடு. 1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1950-களில் மீண்டும் போடப்பட்டது. மலையிலிருந்து ஏலக்காய் போடிக்கு இறங்கியது. பருத்தியும் தானியமும் தேனிச் சந்தைக்கு வந்தன. மதுரை, பெரியகுளம், கம்பம் சாலைகள் கூடும் தேனி, கடைகளும் கிட்டங்கிகளும் அரவை ஆலைகளும் சூழ்ந்த ஊராயிற்று. கடைச் சிப்பந்தி, ஆலைத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர், பஸ் கண்டக்டர் எல்லோருக்கும் நடந்து போகும் தூரத்தில் வீடு வேண்டியிருந்தது.

அவர்களுக்காக எழுந்தவை லைன் வீடுகளும் காம்பவுண்டு வீடுகளும். தெருவில் ஒரே வாசல். உள்ளே நடுவில் நீண்ட நடைபாதை. இருபுறமும் ஒரு அறையும் ஒரு அடுப்படியுமாக ஆறோ எட்டோ வீடுகள். கடைசியில் பொதுக் கிணறு அல்லது அடிகுழாய், பொதுக் கழிப்பறை. மாடி எழுந்த பிறகு அதே அமைப்பு படிக்கட்டோடு மேலே ஏறியது. அடுக்குமாடி என்ற சொல் புழங்குவதற்கு முன்பே, ஒரே மனையில் பல குடும்பங்கள் வாழும் முறை இந்த ஊர்களில் நிலைத்துவிட்டது. ஒரு வேறுபாடு: மனை முழுவதும் ஒருவருக்கே சொந்தம்; மற்றவர்கள் வாடகைக்கோ ஒத்திக்கோ இருப்பவர்கள்.

இந்த ஏற்பாடு நிலைத்ததற்குக் காரணம் வட்டிக் கணக்கில் இருக்கிறது. மாதம் 4,000 ரூபாய் வாடகை பெறும் வீடு 3 லட்சம் ரூபாய்க்கு ஒத்தியாகிறது என்று கொள்ளலாம். வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்கு ‘ரெண்டு வட்டி’க்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு வாங்கிய 3 லட்சத்தை அந்தப் பணத்தால் அடைத்தால், மாதம் 6,000 ரூபாய் வட்டி மிச்சம். குடியேறுபவர் அதே தொகையை ஆண்டுக்கு 7 விழுக்காட்டில் வங்கியில் போட்டிருந்தால் மாதம் 1,750 ரூபாய்தான் வந்திருக்கும். இப்போது 4,000 ரூபாய் வாடகை மிஞ்சுகிறது. இருவருக்கும் ஆதாயம். வங்கி தரும் வட்டிக்கும் ஊரில் புழங்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளியில்தான் வீட்டு ஒத்தி வாழ்கிறது. மொத்தப் பணம் சீட்டு எடுத்தும், நகையை அடகு வைத்தும், வயலை விற்றும் திரட்டப்படுகிறது. முழுத் தொகை புரளாதவர் பாதி ஒத்தி, பாதி வாடகை என்று பேசி முடிப்பதும் உண்டு.

பேச்சு முடிந்ததும் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதப்படும். தொகை, காலம், மின்கட்டணம் யார் கட்டுவது, காலி செய்ய எத்தனை மாதம் முன்னதாகச் சொல்வது ஆகியவை இருக்கும். தலைப்பில் ஒத்தி ஒப்பந்தம் என்றோ லீஸ் அக்ரிமெண்ட் என்றோ காணலாம். பெரும்பாலும் நோட்டரி கையெழுத்தோடு வேலை முடிந்துவிடும். பதிவு அலுவலகத்துக்குப் போவதில்லை. உடைமையை ஒப்படைக்கும் அடமானத்துக்குத் தமிழ்நாட்டில் கடன் தொகையில் 4 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 1 விழுக்காடு பதிவுக் கட்டணமும் உண்டு. 3 லட்சத்துக்கு 15,000 ரூபாய். இரண்டு, மூன்று ஆண்டு இருப்புக்கு அவ்வளவு செலவிட இரு தரப்பும் முன்வருவதில்லை.

காலம் முடியும்போது வீட்டுக்காரரின் கையில் பணம் இருப்பது அரிது. அது கடனடைக்கவோ மாடி கட்டவோ போயிருக்கும். ஆகவே அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கித்தான் பழையவருக்குக் கொடுப்பார். புதியவர் வரும்வரை பழையவர் நகர முடியாது. பழையவர் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அந்த வீட்டுக்காரரும் காத்திருக்க வேண்டும். ஒரு கண்ணி நின்றால் தெருவில் நான்கு குடும்பங்கள் நிற்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து தாளில் இருக்கிறது. வயல் ஒத்தியாக இருந்த காலத்தில் யார் உழுகிறார், யார் மடை திறக்கிறார் என்பதை ஊரே பார்த்தது. பத்திரம் தொலைந்தாலும் சாட்சிக்கு ஆள் இருந்தது. நகரத்து மாடி வீட்டில் அப்படி ஒரு சாட்சி இல்லை. பதிவாகாத ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது. ஆகவே அதே வீட்டை வங்கியில் அடமானம் வைப்பதற்கோ விற்பதற்கோ தாளளவில் தடை தெரியாது. வங்கிகள் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வழிசெய்த பிறகு, ஏல அறிவிப்பு சுவரில் ஒட்டப்படும் நாளில்தான் குடியிருப்பவருக்கு விவரம் தெரியவருகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தங்கள் எழுத்தில் இருக்கவும் வாடகை அதிகார அமைப்பிடம் பதியவும் சொல்கிறது. ஆனால் அதன் அடிப்படை மாத வாடகை. வாடகையே இல்லாத ஒத்தி, அடமானமா குத்தகையா என்ற பழைய கேள்வியிலேயே நிற்கிறது.

தென்கொரியாவின் ‘ஜொன்சே’ முறையும் இதுவே: வீட்டு விலையில் பெரும்பங்கைக் கொடுத்து வாடகையின்றி இருப்பது. அங்கே 1981-இல் வந்த வீட்டுக் குத்தகைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே, குடியேறியதைப் பதிந்து ஒப்பந்தத்தில் தேதி முத்திரை பெற்றவர், வீடு ஏலத்துக்குப் போனால் பின்னால் கடன் கொடுத்தவர்களைவிட முன்னுரிமை பெறுகிறார். அப்படியிருந்தும் வீட்டு விலை சரிந்த 2022-23-இல் ஏராளமானோர் பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் தவித்தனர். 2023-இல் அவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பொலிவியாவிலும் ‘ஆன்டிகிரெட்டிகோ’ என்ற பெயரில் இம்முறை உண்டு.

தேனியில் சொந்தமாக வாங்கும் ஆசை 1996-இல் மாவட்டம் பிரிந்த பிறகு வேகம் பிடித்தது. ஆனால் அது மாடியைவிட மண்ணையே நாடியது. இவ்வட்டாரத்தில் ‘பிளாட்’ என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது வீட்டுமனை. அடுக்குமாடி வீட்டுக்கு அப்பார்ட்மென்ட் என்று தனியாகச் சொல்ல வேண்டும். நகரைச் சுற்றி நெல் விளைந்த நிலத்திலும் மனைக்கற்கள் ஊன்றப்பட்டன. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடைவிதிக்க, 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன.

அடுக்குமாடி வாங்குபவருக்குக் கிடைப்பது தன் வீடும், அடிமனையில் பிரிபடாத பாகமும். இதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 2022-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 500 சதுர மீட்டரைத் தாண்டாத மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ எழும் கட்டடத்தை மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டியதில்லை. கடைவீதிப் பக்கம் பழைய காம்பவுண்டை இடித்து எழும் சிறு கட்டடம் பலவும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அங்கே வில்லங்கமும் மூலப்பத்திரமும் பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு. அரசு வாரியம் குறைந்த விலையில் கட்டும் குடியிருப்புகளுக்கோ பெரிய இடம் தேவை. அது ஊருக்கு வெளியேதான் கிடைக்கிறது.

இதனால் நகரின் நடுவில் ஒத்தி இன்னும் நீடிக்கிறது. பல குடும்பங்களுக்கு அது சொந்த வீட்டுக்கு முந்தைய படி: ஆறேழு ஆண்டு வாடகையைச் சேமித்து, திரும்பி வரும் ஒத்திப் பணத்தோடு சேர்த்து, புறநகரில் மனைக்கு முன்பணம் கொடுப்பார்கள். அந்தப் பணம் திரும்புவது, அடுத்த ஒத்திக்காரர் வருவதைப் பொறுத்தது.