யார் சொல்லி யார் கேட்பது?

தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம் வழியாக மதுரைக்குப் போகிற சாலையில் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பக்கம் போயிராதவர்கள் பெயரைக் கேட்டதும் சிரித்துவிடுவார்கள். பருத்தியும் கம்பும் உளுந்தும் வானத்தை நம்பி விளைகிற கரிசல் காட்டில், மழை பொய்த்த வருஷங்களை விரல்விட்டு எண்ணிச் சொல்லும் சம்சாரிகளுக்கு நடுவில், எப்போதும் வென்றவன் எவன் இருக்க முடியும்?

ஆனால் அந்தப் பெயர் வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. வென்று கொடுக்கிறவன் ஒருவன். தலைவன் என்று பட்டம் கட்டிக்கொள்கிறவன் இன்னொருவன். இருவரும் ஒரே ஆளாக இருப்பது நாம் நினைக்கிற அளவுக்குச் சாதாரணமான சங்கதி அல்ல. விளையாட்டு மைதானத்தில் இது பளிச்சென்று தெரியும். பக்கத்துக் கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பேர்போன ஊர். கோல் போடுவதற்குத் திறமை இருந்தால் போதும். ஆனால், "நீ இங்கே நில், நீ அங்கே போ" என்று பத்துப் பேரிடம் சொல்லுவதற்குத் திறமை மட்டும் போதாது. அந்தப் பத்துப் பேரும் கேட்க வேண்டும். கேட்க மனசு வராதபோது என்ன நடக்கும் என்பதற்கு நம் தேசத்திலேயே ஒரு கதை உண்டு.

பல்வங்கர் பாலு 1876-ல் தார்வாரில் பிறந்தவர். தோல் வேலை செய்யும் ஜாதி. அந்தக் காலத்துப் பாஷையில், தீண்டப்படாதவர். புனாவில் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாவில் மைதானத்தைச் சமன் செய்து, கோடு போட்டு, வலை கட்டுகிற வேலை. மாதச் சம்பளம் நான்கு ரூபாய். துரைமார் மட்டை பிடித்துப் பழகுவதற்குப் பந்து போட ஆள் வேண்டியிருந்தது, பாலு போட்டார். இடது கையால் அவர் போட்ட சுழல் பந்து துரைமாரையே திணற அடித்தது.

புனாவின் ஹிந்து கோஷ்டிக்கு இது காதில் விழுந்தது. வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். ஆசாரம் மறு பக்கம். கடைசியில் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். மைதானத்தில் பாலு தொட்ட பந்தை எல்லாரும் தொடுவார்கள். ஆனால் தேநீர் வேளையில் பாலுவுக்கு மட்டும் கொட்டகைக்கு வெளியே, மண் குவளையில் தேநீர். பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்கு உண்டு!

பிற்பாடு பம்பாய்க்குப் போய் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். 1906-ல் ஹிந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ரன்கள் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். ஆளுகிறவர்களை ஆளப்படுகிறவர்கள் ஜெயித்த அந்தச் செய்தி நாடெங்கும் பரபரப்பை உண்டாக்கியது. அந்த வெற்றியில் பாலுவின் பந்துக்குப் பெரும் பங்கு. 1911-ல் இந்தியக் கோஷ்டி ஒன்று இங்கிலாந்துக்குப் போயிற்று. அதற்குத் தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், வயது 19. மகாராஜா சில ஆட்டங்களில்தான் இறங்கினார். பாலுவோ அந்தக் கோடை முழுவதும் பந்து போட்டு 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

இவ்வளவுக்கும் பிறகு ஹிந்து கோஷ்டியின் காப்டன் பதவி அவருக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. வருஷா வருஷம் பேச்சு எழும்பும். வருஷா வருஷம் பதவி வேறு கைக்குப் போகும். எம்.டி. பாய் என்ற பிராமணர் காப்டனானபோது, இந்தப் பெருமை தம் நண்பர் பாலுவுக்கே வந்திருக்க வேண்டும் என்று தம் வாயாலேயே சொன்னார். மனிதர் நல்லவர்தான். ஆனால், நல்ல மனிதர் ஒருவர் வருத்தப்பட்டதால் பதவி கைமாறிவிடவில்லை.

1920-ல் பொறுமை எல்லை கடந்தது. பாலுவைக் கோஷ்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் அதே கோஷ்டியில் சிறந்த ஆட்டக்காரர்கள். அண்ணனை ஒதுக்கின கோஷ்டியில் ஆடமாட்டோம் என்று இருவரும் விலகிக்கொண்டார்கள். காரணம் ஜாதிதான் என்பதைப் பகிரங்கமாகவே சொன்னார்கள். பத்திரிகைகளில் ரகளை எழுந்தது. இறுதி ஆட்டத்துக்குப் பாலுவைத் திருப்பி அழைத்து உதவிக் காப்டன் ஆக்கினார்கள். ஆட்டத்தின் நடுவே பாய் சற்று நேரம் மைதானத்தை விட்டு வெளியே போய், பாலு தலைமை வகிக்க வழி செய்தார். பதினைந்து வருஷ உழைப்புக்குக் கிடைத்த கூலி அந்தக் கொஞ்ச நேரம்தான். அதே வருஷம் டிசம்பரில் நாகபுரிக் காங்கிரஸ் தீண்டாமையை ஒழிக்கச் சொல்லித் தீர்மானம் செய்தது.

அப்புறமும் மூன்று வருஷம் ஆயிற்று. 1923-ல் தம்பி விட்டலைக் காப்டனாக்கினார்கள். அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் ஹிந்துக்கள் ஐரோப்பியர்களை ஜெயித்தார்கள். உயர்ந்த ஜாதி என்று தங்களை எண்ணியிருந்தவர்கள் விட்டல் சொன்ன இடத்தில் நின்றார்கள். சொன்னபோது பந்து போட்டார்கள். யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை. அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது. ஆனால் அண்ணனுக்கு அது ஈடாகுமா?

பாலு பிறகு அரசியலில் இறங்கினார். 1932-ல் புனா ஒப்பந்தத்தில் நம் எம்.ஸி. ராஜாவோடு அவரும் கையெழுத்திட்டார். 1937-ல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் அம்பேத்காரை எதிர்த்துக் காங்கிரஸ் சார்பில் நின்று, 11,225 வாக்குகள் வாங்கித் தோற்றார்; அம்பேத்காருக்கு 13,245. இளவயதில் பாலுவின் புகழைக் கொண்டாடினவர்களில் அம்பேத்காரும் ஒருவர் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. பாலு 1955-ல் காலமானார்.

இது நம் நாட்டு ஜாதியின் கோணல் மட்டும்தானா? கடலுக்கு அப்பால் பார்ப்போம். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதி ஓடுகிற முரட்டு ஆட்டம். அதில் உண்மையான சேனாபதி, மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் தலைமைப் பயிற்சியாளர். யார் இறங்குவது, எந்த வியூகம் வகுப்பது எல்லாம் அவர் சொற்படி. 1921-ல், அதாவது விட்டல் காப்டனாவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஆக்ரன் நகரக் கோஷ்டிக்கு ஃபிரிட்ஸ் போலார்ட் என்ற கறுப்பர் ஆட்டக்காரராக இருந்துகொண்டே பயிற்சியாளராகவும் ஆனார். அவருக்கு அடுத்த கறுப்பர், ஆர்ட் ஷெல், அந்தப் பதவிக்கு வந்தது 1989-ல். இடையில் 68 வருஷம்! 1934 முதல் 1945 வரை கறுப்பர்களை ஆடவே விடவில்லை. பிறகு ஆடவிட்டார்கள், ஷெல் பதவிக்கு வருகிற காலத்தில் ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்களாகவே இருந்தார்கள். உடம்பை வாடகைக்கு வாங்கினவர்களுக்கு மூளையை நம்ப மனசு வரவில்லை. பயிற்சியாளர் பதவி காலியானால் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது அழைத்துப் பேசிப் பார்க்க வேண்டும் என்று 2003-ல் விதியே செய்ய வேண்டியதாயிற்று. 2007-ல் அவர்களுடைய மாபெரும் இறுதிப் போட்டியில் மோதின இரண்டு கோஷ்டிகளுக்கும் பயிற்சியாளர்கள் கறுப்பர்கள்: டோனி டங்கி, லவி ஸ்மித். டங்கியின் கோஷ்டி ஜெயித்தது.

இந்த ஆண்டுகளையெல்லாம் ஒடுக்கப்பட்டவர்களின் முன்னேற்றத்துக்கு மைல்கற்கள் என்று சொல்லுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலு 1906-லேயே தயாராக இருந்தார். 1923 என்பது மற்றவர்கள் தயாரான வருஷம். மைல்கல்லில் பொறித்திருப்பது நடந்தவனுடைய வேகம் அல்ல, வழிவிட்டவர்களுடைய தாமதம்.

எப்போதும்வென்றானுக்கே திரும்புவோம். அதே ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் கவர்னகிரி என்று ஒரு கிராமம். கட்டபொம்மனின் தளபதி என்று அந்தப் பக்கத்து மக்கள் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பிறந்த ஊர் அது. தேவேந்திர குலத்தவர். 1997-ல் தமிழ்நாட்டு அரசு புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. கட்டபொம்மன் பெயர் எழுதின பஸ்ஸில் வருஷக்கணக்காக ஏறி இறங்கினவர்களில் சிலருக்கு, தளபதி பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மனசு இல்லை. தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரனாரின் பெயரும் மாவட்டத்திலிருந்து அதோடு போயிற்று.

பம்பாயில் 1923-ல் பத்துப் பேர் ஒரு மனிதருடைய சொல்லைக் கேட்டு நின்றார்கள். எழுபத்து நாலு வருஷம் கழித்து நம் கரிசல் சீமையில், இறந்துபோன ஒருவருடைய பெயரின் கீழே உட்கார்ந்து அடுத்த ஊர் வரை போகக்கூடச் சிலரால் முடியவில்லை. இன்று அந்தச் சாலையில் ஓடுகிற அரசு பஸ்களில் எந்தத் தலைவர் பெயரும் இல்லை. சண்டை தீர்ந்தது, கேள்வி தீரவில்லை.