ஒரே அச்சு, மூன்று பெருநாள்

தீபாவளிக்கு நாம் சுடும் அச்சு முறுக்கைத்தான் மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குச் சுட்டு, ‘கூவே லோயாங்’ என்கிறார்கள். லோயாங் என்றால் பித்தளை. அச்சின் உலோகமே பலகாரத்துக்குப் பெயராகிவிட்டது! சீனப் புத்தாண்டுப் போத்தல்களிலும் இதே பூதான்.

1880களில் செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பிறகு ரயில்வே தொழிலாளர் குடியிருப்பானது. அங்கேயும் கிள்ளான் தோட்டப்புறங்களிலும் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். அரிசிமாவில் தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்துக் கரைப்பது பிள்ளைகள் வேலை. எண்ணெயில் காய்ந்த அச்சை முக்கால் பாகம்தான் மாவில் தோய்க்க வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடினால் முறுக்கு கழலாது. பாட்டிமார் இதை எழுதி வைத்ததில்லை, பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார்கள்.

இன்று தெங்கு கிளானா சாலையில் போத்தல் போத்தலாக வாங்கலாம். வாங்குங்கள், குற்றமில்லை. ஆனால் வீட்டுப் பித்தளை அச்சு பழைய சாமான் கடைக்குப் போவதற்குள், ஒரு மாலையாவது பிள்ளைகளை மாவு கரைக்க விடுங்கள். எண்ணெய்ச் சட்டியருகே மட்டும் நீங்கள் நில்லுங்கள்.