குண்டும் மருந்தும் அளவும்

கடலூரில் நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், உயர்வகுப்பு மாணவர்க்கு உந்தத்தைப் பற்றிக் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் ஒரு கணக்குப் போடுவது வழக்கம். தொங்கும் மரக்கட்டை ஒன்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து புதைகிறது. கட்டை இத்தனை உயரம் எழும்புகிறது. குண்டின் வேகம் என்ன? ஒருமுறை, தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து, “ஐயா, இதை முதன்முதல் செய்து பார்த்தவர் யார்?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. “அது தேர்வுக்கு வராது, உட்கார்” என்றேன். அன்று பட்ட கடனை இன்று தீர்க்க முயல்கிறேன்.

நேயர்களே! அக்காலத் துப்பாக்கிக்கு இன்றைய வகைத் தோட்டா கிடையாது. குழலின் வாய்வழியே முதலில் மருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்துக் கோலால் இடித்து இறக்க வேண்டும். மருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கலவை. அது எரிந்தபின் பாதிக்கு மேற்பட்ட பகுதி புகையாகவும் கசடாகவும் மிஞ்சிவிடும். மருந்து குறைந்தால் குண்டு இலக்கை எட்டாமல் தாழும்; மிகுந்தால் உதை கூடும், குறி சிதறும், குழலிலும் கசடு ஏறும். ஆகவே, எவ்வளவு மருந்து இடுவது என்பதே வேட்டைக்காரனின் முதற்கேள்வியாயிற்று.

இக்கேள்விக்கு அனுபவத்தால் விடை கண்டவர்கள் அமெரிக்காவின் எல்லைப்புறக் குடியேறிகள். 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியா நாட்டு லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானிய, சுவிட்சர்லாந்துக் கொல்லர்கள், குழலின் உட்புறத்தில் திருகுபோன்ற வரிகள் வெட்டிய துப்பாக்கிகளைச் செய்தனர். வரிகள் குண்டைப் பம்பரம்போல் சுழற்றி அனுப்பும். சுழலும் குண்டு வழி பிறழாது. தாய்நாட்டுத் துப்பாக்கியைவிட இதன் குழல் நீண்டது, துளையோ சிறியது. காரணம் சிக்கனமே. அறுபது நூற்றிலொரு அங்குல விட்டக் குண்டானால் ஒரு பவுண்டு ஈயத்தில் இருபத்தொன்றுதான் வார்க்கலாம். அரை அங்குலமானால் முப்பத்தேழு வார்க்கலாம். காட்டின் நடுவே வாழ்பவனுக்கு இது சிறு வேறுபாடன்று.

குண்டு துளையைவிடச் சற்றே சிறிதாயிருக்கும். கொழுப்புத் தடவிய துணித்துண்டில் அதைப் பொதிந்து இறக்குவார்கள். துணி வரிகளைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றும். மருந்தின் ஆவி ஒழுகாமலும் காக்கும். மருந்தளவுக்குத் தொடக்கம் உள்ளங்கைதான். குண்டை உள்ளங்கையில் வைத்து, அது மறையுமளவு மருந்தைக் கொட்டினால் நூறு கெச தூரத்துக்குப் போதும் என்ற வழக்கத்தைப் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் அது தொடக்கமே, முடிவன்று. துப்பாக்கியை அசையாமல் தாங்கி வைத்து, ஒரே குறியை நோக்கிப் பன்முறை சுட வேண்டும். குண்டுகள் பட்ட இடங்கள் நெருங்கி விழுகின்றனவா, சிதறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு மருந்தைச் சிறிதே மாற்ற வேண்டும். மருந்தை மாற்றும்போது துணியை மாற்றலாகாது. துணியை மாற்றும்போது மருந்தை மாற்றலாகாது. சுட்டபின் முன்னே விழுந்து கிடக்கும் துணியும் சாட்சி சொல்லும். அது முழுதாயிருந்தால் பொருத்தம் சரி. கிழிந்தும் கருகியும் இருந்தால் எங்கோ பிழை. தக்க அளவு தெரிந்ததும், அதே அளவு கொள்ளும்படி மான்கொம்பின் நுனியைக் குடைந்து அளவைக்கிண்ணமாக்கித் தோளில் மாட்டிக்கொள்வர். அளவு தவறினால் அன்றைய உணவு போயிற்று. அதனினும் கொடியது, அரைகுறையாய் அடிபட்ட மான் புதருக்குள் ஓடி வெகுநேரம் துடித்து இறப்பது.

வேட்டைக்காரன் அளவைக் கண்டான். காரணத்தைக் கண்டவர் வேறொருவர். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707-இல் பிறந்த பெஞ்சமின் ராபின்ஸ், 1742-இல் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். என் வகுப்பறைக் கட்டை அவருடைய கட்டையே. அது பின்னோக்கி ஆடும்போது ஒரு நாடாவை இழுத்துச் செல்லும்; இழுபட்ட நாடாவின் நீளத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். அது நொடிக்கு 1,600 அடிக்கும் மேற்பட்டதாயிருந்தது! அத்தகைய வேகத்தில் காற்றின் தடை குண்டின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேலாகிறது என்றும் காட்டினார். மருந்தை இரட்டித்தாலும் தூரம் இரட்டிக்காததன் இரகசியம் இதில் இருக்கிறது. கணித மேதை ஆய்லர் இந்நூலை 1745-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கமும் எழுதினார். 1747-இல் வரிக்குழல் துப்பாக்கியின் சிறப்பை ராபின்ஸ் இராயல் சொசைட்டியில் எடுத்துரைத்தார். அதை நன்குணரும் நாடே போரில் மேலோங்கும் என்பது அவர் முன்னறிவிப்பு. அடுத்த நூற்றாண்டு அதை மெய்ப்பித்தது.

பணி ஓய்வுக்குப் பின், இவர் வரலாற்றை ஒரு நூலகத்தில் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் திகைத்து நின்றேன். கிழக்கிந்தியக் கம்பெனி 1749-இல் ராபின்ஸைத் தன் தலைமைப் பொறியாளராக நியமித்தது. கோட்டைகளைப் பலப்படுத்த 1750-இல் இந்தியா வந்தவர், 1751 ஜூலை 29-ஆம் நாள் காய்ச்சலால் நலிந்து இறந்தார். இறந்த இடம் கடலூர்ச் செயின்ட் டேவிட் கோட்டை. ஆம், தேவனாம்பட்டினம்! அக்கோட்டையை 1758-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி இடித்துவிட்டனர்.

வினவிய பிள்ளையின் வீட்டுக்கு அருகிலேயே விடை இருந்தது. காட்டு வேட்டைக்காரன்கூடச் சுட்டுப் பாராமல் ‘இதுவே அளவு’ என்று சொல்லவில்லை. நானோ தேடிப் பாராமலே ஒரு வினாவை அமர்த்திவிட்டேன். இன்று வகுப்பறைகளில் நிற்கும் ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. தெரியாத வினா வந்தால், “தெரியவில்லை, நாளை பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். அம்மாணவன் இப்போது எங்கிருக்கிறானோ அறியேன். இப்பேச்சு அவன் காதில் விழுமாயின், அவன் கேட்டது நல்ல கேள்வி என்பதையும் அறிந்துகொள்ளட்டும்.