பிங்பேக்: உங்கள் பதிவை யார் சுட்டுகிறார்கள்?

செப்டெம்பர் மாதம் பிறந்தால் மட்டக்களப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு திகதிகளுக்குத் திரும்பி வருகிறார்கள். 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார்கள். நான்கு நாட்கள் கழித்து, செப்டெம்பர் 9 அன்று, சத்துருக்கொண்டான் படுகொலை நடந்தது. புதிதாக எழுதுகிறவர் பழைய கட்டுரை ஒன்றுக்கோ சாட்சியம் ஒன்றுக்கோ இணைப்புக் கொடுக்கிறார். அந்தப் பழைய பதிவை எழுதியவருக்கு இது தெரியவருமா?

தெரியப்படுத்துவதற்கென்றே உள்ள வசதிதான் பிங்பேக். வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் நடத்துபவர்களிடம் இது தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் நல்ல தொடர்புகள் கைதவறிப் போகும். சில வேளைகளில் ஆபத்தும் வரும்.

பின்னணி

2002 இல் மூவபிள் டைப் என்ற மென்பொருளை உருவாக்கிய சிக்ஸ் அபார்ட் நிறுவனம் ட்ராக்பேக் என்ற முறையைக் கொண்டுவந்தது. எழுதியவரே மற்றத் தளத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும். இணைப்பு உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. எனவே விளம்பரக் குப்பை நிறைந்தது. அதே ஆண்டில் ஸ்டூவர்ட் லாங்ரிட்ஜ், இயன் ஹிக்சன் ஆகியோர் பிங்பேக் முறையை எழுதினார்கள். 2003 இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் மூலம் அது பரவியது.

தமிழில் வலைப்பதிவு வளர்ந்த காலத்தில் பலர் கூகுளின் பிளாக்கரிலேயே எழுதினார்கள். அதில் பிங்பேக் இல்லை. யார் என்ன எழுதினார்கள் என்பதை அறிய 2004 இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் உதவின. பின்னர் உரையாடல் பேஸ்புக்குக்குப் போனது. அங்கே பகிரப்படும் இணைப்பு எதுவும் உங்கள் தளத்துக்கு பிங்பேக் அனுப்புவதில்லை. 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்பட நடந்த குண்டுத்தாக்குதல்களின் பின் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது, சொந்தத் தளம் வைத்திருப்பதன் பெறுமதி மீண்டும் புரிந்தது.

எப்படி இயங்குகிறது?

நீங்கள் ஒரு பதிவை வெளியிட்டதும் உங்கள் தளம் அதிலுள்ள இணைப்புகளைப் பார்க்கிறது. இணைக்கப்பட்ட தளம் பிங்பேக்கை ஏற்குமானால் அதற்கு இரண்டு முகவரிகள் போகின்றன: உங்கள் பதிவின் முகவரி, நீங்கள் சுட்டிய பதிவின் முகவரி. அந்தத் தளம் உடனே உங்கள் பக்கத்தைத் திறந்து, இணைப்பு உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால், இணைப்பைச் சுற்றியுள்ள ஒரு சிறு பகுதியோடு அதைப் பின்னூட்டப் பட்டியலில் சேர்க்கிறது.

இவையெல்லாம் சேர்வர்களுக்கு இடையில் நடப்பவை. 2007 ஜூனில் இலங்கையில் தமிழ்நெற் தடுக்கப்பட்டபோது இங்கிருந்தவர்களால் அதை நேரடியாகத் திறக்க முடியவில்லை. ஆனால் வெளிநாட்டிலுள்ள இரண்டு சேர்வர்கள் ஒன்றையொன்று அணுகுவதை அத்தகைய தடை நிறுத்தாது. ஆகவே, உங்களால் திறக்க முடியாத ஒரு பக்கத்திலிருந்தும் உங்களுக்கு பிங்பேக் வரலாம்.

எங்கே கவனம் தேவை?

முதலாவது, அடையாளம். பிங்பேக் அனுப்பும்போது உங்கள் சேர்வரின் ஐபி முகவரி எதிர்த்தளத்துக்குத் தெரிகிறது. உங்களைத் தாக்கும் ஒரு தளத்தை விமர்சித்து அதற்கே இணைப்புக் கொடுத்தால், வெளியிட்ட சிறிது நேரத்திலேயே அவர்களுக்கு அறிவித்தல் போய்விடும். கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவையின் பின்னால் தளத்தை வைத்திருந்தாலும், யாராவது ஒரு பொய் பிங்பேக் அனுப்பினால் அதைச் சரிபார்க்க உங்கள் சேர்வர் வெளியே போகும். அப்போது உண்மையான ஐபி முகவரி வெளிப்படலாம். பெயர் மறைத்து எழுதுகிறவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் தளத்தையே ஆயுதமாக்குவது. 2014 மார்ச்சில் 162,000 இற்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களின் பிங்பேக் வசதியைப் பயன்படுத்தி ஒரு தளத்தை முடக்கும் தாக்குதல் நடந்ததை சுகூரி நிறுவனம் வெளிப்படுத்தியது. அந்தத் தளங்களை நடத்தியவர்கள் தாக்குதல்காரர்கள் அல்லர். வசதியைத் திறந்து வைத்திருந்ததே காரணம்.

மூன்றாவது, எதை அனுமதிப்பது என்ற கேள்வி. காணாமலாக்கப்பட்ட ஒருவரின் தாய் சொன்ன சாட்சியத்தின் கீழே, அதைப் பரிகசிக்கும் பக்கத்தின் வரிகள் தோன்றக்கூடாது. அதற்காக மாற்றுக் கருத்துள்ள எல்லாவற்றையும் அழிக்கவும் கூடாது. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையை எழுதும் முஸ்லிம் எழுத்தாளர் உங்கள் கட்டுரையைச் சுட்டி மறுப்பு எழுதினால், அந்த இணைப்பு வாசகருக்குத் தேவையானது. வாவியின் இரு கரையிலும் நடந்தவை ஒன்றோடொன்று வாசிக்கப்பட வேண்டியவை.

நிர்வகிக்கும் முறை

வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தில் 'செட்டிங்ஸ்', அதனுள் 'டிஸ்கஷன்' என்ற பகுதிக்குச் செல்லுங்கள். முதல் தெரிவு நீங்கள் அனுப்பும் பிங்பேக். இரண்டாவது உங்களுக்கு வருவது. இரண்டையும் தனித்தனியே நிறுத்தலாம்.

பெயர் மறைத்து எழுதுகிறவர்கள் இரண்டையும் நிறுத்துவதே நல்லது. மற்றவர்கள் வருவதை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொன்றையும் தாங்களே பார்த்து அனுமதிக்கும் தெரிவை வைத்திருக்கலாம். குப்பையை வடிகட்ட அகிஸ்மெட் போன்ற செருகுநிரல் உதவும்.

இந்த மாற்றம் இனி எழுதும் பதிவுகளுக்கே பொருந்தும். பழைய பதிவுகளுக்கு, பதிவுப் பட்டியலில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து, மொத்தமாகத் திருத்தும் வசதியில் 'பிங்ஸ்' என்பதை நிறுத்த வேண்டும்.

உங்கள் பழைய பதிவை நீங்களே சுட்டினாலும் பிங்பேக் வரும். தளத்தின் பெயரை விட்டு, சாய்கோட்டிலிருந்து தொடங்கும் முகவரியை மட்டும் கொடுத்தால் அது வராது.

பிங்பேக் அனுப்பியவர் பின்னர் தன் பதிவை அழித்தாலும் உங்கள் பக்கத்தில் அதன் தடம் தானாக மறையாது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது பழைய பிங்பேக்குகளைத் திறந்து பார்த்து, செத்துப்போன இணைப்புகளை நீக்குங்கள்.

தமிழ் முகவரியின் சிக்கல்

தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே உருவாக்கும். கணினி உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஒன்பது எழுத்துகளாக மாற்றுகிறது. முகவரிக்கு உள்ள எல்லையோ 200 எழுத்துகள். 'சத்துருக்கொண்டான்' என்ற ஒரு சொல்லுக்கே 153 போய்விடும். மீதி வெட்டப்படும். இந்த நீண்ட முகவரியைப் பிரதிசெய்யும்போது ஒரு துண்டு விடுபட்டால் இணைப்பும் வேலை செய்யாது, பிங்பேக்கும் வந்து சேராது. ஆகவே ஊரின் பெயரையும் ஆண்டையும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள். ஒரு முறை கொடுத்த முகவரியை மாற்றாதீர்கள்.

பிங்பேக்கால் முடியாதது

ஒரு தளம் மூடப்பட்டால் பிங்பேக்கால் அதைக் காப்பாற்ற முடியாது. 2009 இல் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது அங்கிருந்த எண்ணற்ற பக்கங்கள் போய்விட்டன. நீங்கள் சுட்டும் பக்கத்தை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் சேமித்து, அந்தச் சேமிப்பின் இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அச்சில் வந்தவற்றை 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் எண்ணிமப்படுத்திப் பேணி வருகிறது.

பிங்பேக்கின் குறைகளைக் களைய வெப்மென்ஷன் என்ற புதிய முறை 2017 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. வேர்ட்பிரஸுக்கு அதற்கான செருகுநிரலும் உண்டு.

1991 ஜூன் 12 அன்று மகிழடித்தீவிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடந்த கொலைகளை ஒருவர் எழுதுகிறார். பல ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டில் வளர்ந்த உறவினர் ஒருவர் அதைச் சுட்டி, தன் குடும்பத்தில் இறந்தவரின் பெயரை எழுதுகிறார். அந்த அறிவித்தல் உங்கள் பின்னூட்டப் பட்டியலில், நூறு விளம்பரங்களுக்கு நடுவில் கிடக்கலாம். அழிப்பதற்கு முன் ஒரு முறை திறந்து பாருங்கள்.