குழாய் ரிப்பேர் செய்த கால்பந்து நட்சத்திரம்

டாம் ஃபின்னி இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள் ஆடி 30 கோல் போட்டவர். ஆனாலும் தன் பிளம்பர் தொழிலை விடவில்லை! காரணம் சம்பளம். அந்தக் காலத்தில் அங்கே கால்பந்து வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 1952-ல் அது வாரத்துக்கு 14 பவுண்டு.

அந்த வருடம் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவரைக் கூப்பிட்டது. முன்பணமே 10,000 பவுண்டு, கூடவே பங்களா, கார். அவருடைய பிரஸ்டன் கிளப் விடமாட்டேன் என்றது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் சம்மதிக்காமல் வேறெங்கும் போக முடியாது என்பது அப்போதைய விதி. (கொத்தடிமைக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?)

1960 வரை பிரஸ்டனிலேயே ஆடினார். லீக்கில் 187 கோல். முதல் டிவிஷன் பட்டமோ எஃப்.ஏ. கோப்பையோ கிடைக்கவேயில்லை. வீரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டியதால் 1961-ல் உச்சவரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாமின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்க ஆரம்பித்தார்.