காமெட் வந்த வழி

பழைய பத்திரிகை விளம்பரத்தில் ஒரு பஸ்ஸைப் பார்த்து அது எந்த வண்டி என்று சொல்ல முயல்கிறவர்களை முதலில் ஏமாற்றுவது அதன் முகம்தான். நம் பஸ்ஸுக்குப் பிறந்த வீடு இரண்டு. சேஸிஸ் ஓரிடத்தில் உருவாகும், பாடி வேறோரிடத்தில் கட்டப்படும். கூரையும் கண்ணாடியும் இல்லாமல் வெறும் சட்டமும் என்ஜினும் சக்கரங்களுமாக ஒரு வண்டியை, தலையில் துண்டைக் கட்டிய ஓட்டுநர் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே ஓட்டிப் போவதைச் செங்கல்பட்டுக்காரர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். கரூர் போன்ற ஊர்களின் பட்டறைக்குப் போய்த்தான் அது பஸ் ஆகும். விளம்பரம் கொடுப்பவர் பெரும்பாலும் சேஸிஸ் செய்தவர். படத்தில் நமக்குத் தெரியும் நெற்றிப் பலகை, ஜன்னல் வரிசை, கூரையின் வளைவு எல்லாம் பாடி கட்டியவரின் கைவேலை. ஒரே சேஸிஸ் ஐந்து பட்டறையில் ஐந்து முகம் வாங்கும். போதாததற்குச் சில ஆண்டு ஓடியபின் பழைய பாடியைக் கழற்றிவிட்டுப் புதிது கட்டுவதும் உண்டு.

ஆகவே பார்வையைக் கீழே இறக்க வேண்டும். என்ஜின் வெளியே நீண்டிருக்கிறதா, ஓட்டுநர் பக்கத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கிறதா? ரேடியேட்டர் ஜாலியின் வடிவம் என்ன? முன்சக்கரத்துக்கு முன்னால் வண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது? பட்டறைக்காரர் எளிதில் மாற்ற முடியாதவை இவை.

நம் சாலைகளின் பஸ் வரலாற்றில் அதிகம் கவனிக்க வேண்டிய சேஸிஸ் லேலண்ட் காமெட். அதன் சொந்த ஊர் இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள லேலண்ட். அங்கே 1896இல் நீராவி வண்டி செய்யத் தொடங்கிய நிறுவனம் 1947இல் காமெட்டைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. 1950இல் லேலண்டுடன் உடன்பாடு ஏற்பட்டது. இங்கே முதலில் பூட்டப்பட்ட நான்கு காமெட்டுகள் பஸ்கூட அல்ல, மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போன டிப்பர் லாரிகள். ஆனால் 1963 வாக்கில் நாட்டின் எல்லா மாநில அரசுப் போக்குவரத்து நிறுவனங்களிலும் காமெட் இருந்தது. 8,000க்கும் மேற்பட்டவை ஓடிக்கொண்டிருந்தன. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு வெளிநாட்டு வண்டி இப்படி ஊர் வண்டியானது சாதாரண விஷயம் இல்லை. எண்ணூர்த் தொழிலாளர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

பெயர் மாற்றங்கள் படத்தின் ஆண்டைக் கணிக்கவும் உதவும். விளம்பரத்தின் அடியில் அசோக் மோட்டார்ஸ் என்றிருந்தால் அது 1955க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது. வண்டியின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தால் அது டாடா மெர்சிடஸ் பென்ஸ், 1954க்கும் 1969க்கும் இடைப்பட்ட கூட்டின் அடையாளம். பதிவு எண் ‘எம்.எஸ்.’ என்று தொடங்கினால் அது சென்னை மாநிலக் காலத்து வண்டி. 1969இல் தமிழ்நாடு என்ற பெயர் வந்தபின் ‘டி’ என்று தொடங்கும் வரிசைகள் வந்தன. இன்று செங்கல்பட்டு வண்டிகளில் காணும் டி.என்.19 போன்ற முறை, 1989இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஏற்பட்டது.

பக்கவாட்டில் ‘பல்லவன்’ என்று எழுதியிருந்தால் இன்னும் எளிது. சென்னை நகரப் பஸ்களை நடத்தப் பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972இல் அமைக்கப்பட்டது. 1997இல் கழகங்களின் பெயர்கள் மாற்றப்பட்டபோது அந்தப் பெயர் போயிற்று. மாமல்லபுரத்துப் பாறைகளைக் குடைந்தவர்களின் பெயரைத் தாங்கிய நகரப் பஸ், கடற்கரைக் கோயில் இருக்கும் அதே ஊருக்குப் போய் வந்த காலம் அது. எந்தக் கழகத்துக்கும் இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்ததில்லை என்பது என் எண்ணம்.

படத்தின் பின்னணியையும் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை 1990களின் இறுதியில் வந்தது. அதற்கு முன் மாமல்லபுரம் போக நினைத்தவர்கள் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகவோ, ரயிலில் செங்கல்பட்டு வந்து இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாகவோ பஸ் பிடித்தார்கள். திருக்கழுக்குன்றத்தில் கழுகு பார்க்கப் போகும் பக்தர்களும் சிற்பம் பார்க்கப் போகும் வெளியூர்க்காரர்களும் ஒரே வண்டியில் நெருக்கியடித்துப் போன பாதை அது. ஆகவே கடலை ஒட்டிய அகலமான தார்ச் சாலையில் காமெட் போவதுபோல் ஒரு விளம்பரம் காட்டினால், அது நம் கரையில் எடுத்த படமா என்று சந்தேகப்படுவது நல்லது.

மாடி பஸ்ஸில் வேறொரு பிழை நேர்கிறது. லேலண்ட் டைட்டன் படத்தைப் பார்த்தவுடன் லண்டனிலிருந்து வந்த வண்டி என்று சொல்லிவிடுகிறார்கள். பிரிட்டனில் அந்த மாதிரி டைட்டன் உற்பத்தி 1960களின் இறுதியில் நின்றது. எண்ணூரிலோ 1967இல்தான் தொடங்கியது. கியர் பெட்டியை நம் சாலைக்கேற்ப மாற்றி, பல ஆண்டுகள் இங்கேயே செய்தார்கள். மாடி இல்லாத பஸ்களுக்கு 1976இல் எண்ணூரிலிருந்து வைக்கிங் என்ற சேஸிஸ் வந்தது. அதற்குப் பிந்தைய படங்களில் சக்கரத்தைத் தாண்டி முகப்பு நீண்டிருப்பது இதனால்தான்.

பிரிட்டனில் லேலண்ட் பஸ் நிறுவனத்தை 1988இல் வோல்வோ வாங்கியது. சில ஆண்டுகளில் புதிய பஸ்களில் அந்தப் பெயரே இல்லாமல் போனது. பிறந்த நாட்டின் பஸ்கள் கைவிட்ட பெயர் நம் வண்டிகளின் நெற்றியில் இன்றும் இருக்கிறது.

ஆனால் அந்தப் பழைய காமெட்டுகள் எங்கே? டெப்போவில் ‘கண்டம்’, அதாவது இனி ஓட்டத் தகாதது, என்று முடிவானால் ஏலம், பிறகு உடைப்பு. சென்னைப் புதுப்பேட்டையில் பாகம் பாகமாக விற்றுப்போகும். கார்களைக் காப்பாற்றப் பணக்காரச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் ஆயிரம் பேரைச் சுமந்த நகரப் பஸ்ஸுக்கு அப்படி யாரும் முன்வருவது அரிது. எனக்கு இது பெரிய மனக்குறை. விளம்பரங்கள் சேஸிஸைப் பற்றி மட்டுமே பேசின. அந்த வண்டி எந்தத் தடத்தில் ஓடியது, யார் பாடி கட்டினார்கள் என்பதை அவை சொல்லவில்லை.

அந்தச் செய்தி உங்கள் வீட்டில் இருக்கலாம். மாமல்லபுரத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போன படத்தின் ஓரத்திலோ, செங்கல்பட்டுக் கல்யாணப் படத்தின் பின்னாலோ ஒரு பஸ் நின்றால் அந்தப் படத்தை எடுத்து வையுங்கள். பின்புறத்தில் ஆண்டையும் ஊரையும் தடத்தையும் பென்சிலால் எழுதுங்கள். ஓய்வுபெற்ற ஓட்டுநரோ நடத்துநரோ மெக்கானிக்கோ குடும்பத்தில் இருந்தால், அந்தப் படத்தைக் காட்டி அவர் சொல்வதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.