பெயரறிவும் பரிவும்: 2002 போக்கிமான் ஆய்வை மறுவாசிப்பு செய்தல்

வீடியோ கேம் பிள்ளைகளை இயற்கையிடம் சேர்க்கும் என்போரும், இயற்கையிலிருந்து பிரிக்கும் என்போரும் பெரும்பாலும் ஒரே சான்றைத்தான் எடுத்து வைக்கிறார்கள்: ஆன்ட்ரூ பாம்ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 2002இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை. பிரிட்டனில் 4 முதல் 11 வயது வரையுள்ள 109 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் உள்நாட்டு உயிரினங்களின் படங்கள் பத்தும் போக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்களின் படங்கள் பத்தும் காட்டிப் பெயர் கேட்டார்கள். 4 வயதினர் உயிரினங்களில் 32 விழுக்காட்டையும் போக்கிமானில் 7 விழுக்காட்டையும் சரியாகச் சொன்னார்கள். 8 வயதினரிடம் இவை முறையே 53, 78. அதற்கு மேற்பட்ட வயதில் உயிரினப் பெயரறிவு சற்றே சரிந்து காணப்பட்டது.

திரை வந்து காட்டை மனத்திலிருந்து விரட்டிவிட்டது என்று இந்த எண்களைப் பிற்காலத்தார் பலர் வாசித்தனர். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒன்று விரட்டியிருந்தால் மற்றது குறைந்திருக்க வேண்டும். 4 வயதுக்கும் 8 வயதுக்கும் இடையில் இரண்டுமே ஏறியிருக்கின்றன. 8க்குப் பிந்தைய சரிவைக் காட்டலாம் எனில், அந்தப் பிள்ளைகள் வேறு, இந்தப் பிள்ளைகள் வேறு. ஒரே குழந்தையை ஆண்டுதோறும் பின்தொடர்ந்த ஆய்வன்று இது. 109 பேரை எட்டு வயதுகளுக்குப் பகிர்ந்தால் வயதொன்றுக்குச் சராசரியாகப் பதினான்கு பேர்கூடத் தேறவில்லை. இந்தச் சரிவை மறதி என்று கொள்வது சான்றுக்கு மீறிய துணிவு.

படத்தைக் காட்டிக் கேட்டதிலேயே இன்னொரு சமனின்மை இருக்கிறது. போக்கிமானுக்குப் படத்துக்கு அப்பால் உடம்பில்லை. அட்டையில் அதைக் கண்ட குழந்தை அதை முழுமையாகக் கண்டுவிட்டது. பேட்ஜரோ வளையில் பகலைக் கழித்து இரவில் இரை தேடும் விலங்கு. ஓக் மரம் கோடையில் ஒரு தோற்றம், இலையுதிர்ந்த குளிர்காலத்தில் வேறொரு தோற்றம் காட்டும். படப்புத்தகங்களிலும் விலங்குகள் உண்டே என்ற மறுப்பு வலுவற்றது: அங்கே ‘பறவை’ என்று சொன்னாலே கதை நகர்ந்துவிடும், இன்ன பறவை என்று அறியத் தேவையில்லை.

அந்தத் தேவைதான் இங்கே கவனிக்க வேண்டியது. 1996இல் ஜப்பானில் சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக வந்த போக்கிமான் விளையாட்டில், ஒரு பதிப்பில் கிடைக்கும் சில இனங்கள் மற்றதில் கிடைக்கா. எல்லாவற்றையும் சேர்க்க விரும்பும் பிள்ளை நண்பனிடம் பேரம் பேசியாக வேண்டும். பேரத்துக்குப் பெயர் வேண்டும். நெருப்பு வகையை நீர்வகை வெல்லும் என்பது போன்ற விதிகளை அறியாதவர் தோற்பார். பெயர் இங்கே மனப்பாடப் பாடமாக இல்லை, கைப்பொருளாக இருக்கிறது. விளையாட்டை உருவாக்கிய சதோஷி தாஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர் என்பது பலரும் அறிந்த செய்தி. பூச்சிகளை விட்டுவிட்டு, சேர்க்கும் வேட்கையை மட்டும் அவர் திரைக்குக் கொண்டுவந்தார் எனலாம்.

கட்டுரையாசிரியர்களும் ஓரிடத்தில் தாண்டிச் சென்றுவிட்டார்கள். பெயர் சொல்லும் திறனை அளந்துவிட்டு, ஆர்வத்தைத் தூண்டுவதில் இயற்கைப் பாதுகாவலர்கள் போக்கிமான் படைப்பாளிகளிடம் பின்தங்கிவிட்டார்கள் என்று முடித்தார்கள். பெயரறிவு ஆர்வத்தின் அடையாளமாக இருக்கக்கூடும். ஆனால் ஆர்வம் வேறு, காக்க முனையும் பரிவு வேறு.

இரண்டையும் இணைக்க முயன்ற விளையாட்டுகளில் 2020இல் வெளிவந்த ‘ஆல்பா: எ வைல்ட்லைஃப் அட்வென்ச்சர்’ குறிப்பிடத்தக்கது. மத்தியதரைக்கடல் தீவொன்றில் ஒரு சிறுமி உயிரினங்களைப் படமெடுத்து அடையாளம் காண்கிறாள். இயற்கைக் காப்பிடத்தில் விடுதி எழாமல் தடுக்க ஊராரிடம் கையெழுத்தும் திரட்டுகிறாள். உயிரினத்தை அறிவதும் அதற்காக வாதாடுவதும் இங்கே ஒரே கதையில் அமைந்திருக்கின்றன. ஆனால் நிஜ உலகின் மனுக்கள் பல தோற்கும். இங்கோ கடைசிவரை ஆடினால் வெற்றி உறுதி. தோல்வியைத் தாங்கும் பரிவை இத்தகைய ஆட்டம் வளர்க்குமா என்பது ஐயத்துக்குரியது. இருந்தும், அறிவுரையைத் திரையில் ஓடவிடும் ‘பசுமை’ விளையாட்டுகளைவிட இது ஒரு படி மேல்: இங்கே உயிரினத்தை உற்று நோக்காமல் ஆட்டம் நகராது.

எந்தத் தரப்பும் 2002 கட்டுரையைத் தன் சாட்சியாக அழைக்க இயலாது. அதில் பிள்ளைகளிடம் கேட்கப்பட்டது பெயர் மட்டுமே.